மோகனத்தில் இல்லாத ஸ்வரம்

இரண்டு இசைகளை ஒரே அளவு நேசிக்கிறவரை, இரண்டு பக்கத்தாரும் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்? கண்ணாடியம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டது. பதில் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவர் வேலை. நாள் முழுக்க அரையிருட்டு அறையில் ஒரு லென்ஸை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டதா?" என்று கேட்டபடி இருப்பார். "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று யாராவது இழுத்தால் மற்ற ஊழியர்களுக்கு எரிச்சல் வரும். அவருக்கு வராது. அப்படிச் சொல்கிறவர்களோடு அவருக்கு ஏதோ உறவு என்று கடையில் கேலி செய்வார்கள்.

உடன்பிறந்தவர் ஒரே ஒரு அக்கா. அக்கா முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்துப் பாட்டு டீச்சரானார். தங்கைக்குப் பக்கத்து அறையிலிருந்து கேட்டே பாதி வந்துவிட்டது. மீதியைப் படிக்க உட்காராமல் கல்லூரியில் கிட்டாரைப் பிடித்துக்கொண்டார். அங்கே டிரம்ஸ் வாசித்தவனுக்கு இடி என்று பட்டப்பெயர். வேலைக்குப் போன பிறகும் வாரக்கடைசியில் அவனுடைய குழுவில் வாசித்தார். அங்கேயும் சும்மா இருக்கமாட்டார். நேராகப் போகிற பாட்டில் கமகத்தைச் செருகுவார்.

"எதுக்கு ஒவ்வொரு நோட்டையும் புடிச்சு ஆட்டுற? அதுக்கென்ன குளிருதா?" என்பான் இடி.

மேதை என்று அவரைச் சொல்வதற்கில்லை. விரல் சுத்தம், கற்பனை சுமார். ஆனால் ஒரு பிடிவாதம் உண்டு. அக்காவோடு ஒரே மேடையில், ஒரு பாட்டாவது, கிட்டாரோடு உட்கார்ந்துவிட வேண்டும். வருஷக்கணக்காகத் தட்டிக்கழித்த அக்கா, தன் வகுப்பின் ஆண்டுக் கச்சேரிக்கு ஒருவழியாக இறங்கி வந்தார். "ஒரே பாட்டு. மோகனம். நான் சொன்னபடிதான் வாசிக்கணும்."

ஒத்திகை முதல் நாளே முட்டிக்கொண்டு நின்றது. கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளை ஃபிரெட் என்பார்கள். ஸ்வரத்துக்கு ஸ்வரம் அவை வேலி போடுகின்றன. அக்காவின் குரல் காந்தாரத்திலிருந்து பஞ்சமத்துக்கு வழுக்கிக்கொண்டு போகும். கிட்டார் படிப்படியாக ஏறும். தந்தியை இழுத்து வளைத்தால் கொஞ்சம் வழுக்கும்தான், அதற்குள் அக்கா அடுத்த வரியில் இருப்பார்.

"நான் நடந்து போறேன். நீ பின்னாடியே நொண்டி விளையாடிட்டு வர்ற."

கண்ணாடியம்மா நேரே கிட்டார் ரிப்பேர் செய்கிறவரிடம் போய், ஃபிரெட் எல்லாவற்றையும் பிடுங்கச் சொன்னார்.

"மேடம், பல்லு வலிக்குதுன்னு எல்லாப் பல்லையுமா புடுங்குவாங்க?"

"என் பல்லுதானே? புடுங்குங்க."

கமகம் வந்தது. அக்காகூட ஒரு கணம் கண்ணைத் திறந்து பார்த்தார். ஆனால் ஃபிரெட் போனதும் தந்தியை விரலின் சதைதான் தாங்குகிறது. எழுந்த நாதம் உடனே செத்துவிடுகிறது. அக்கா பஞ்சமத்தில் நின்று நீட்டும்போது கிட்டார் பாதி வழியில் வாயடைத்துப் போனது. பல தந்திகளைச் சேர்த்து மீட்டும் கார்டுகளோ சுருதி விலகிக் கரகரத்தன. "இதத் தூக்கிக்கிட்டு என் பக்கம் வராத தாயே" என்று இடி கும்பிட்டான். மறுபடியும் ஃபிரெட் பதிக்கக் கிட்டார் போனது.

"இப்ப பல்செட்டா மேடம்?" என்றார் ரிப்பேர்க்காரர். கண்ணாடியம்மா சிரிக்கவில்லை.

சரி, கமகம் குரலோடு இருக்கட்டும், கிட்டார் அடியில் கார்டுகளை மட்டும் விரிக்கட்டும் என்று முடிவானது. அதிலும் வந்தது வினை. மோகனத்தில் ஐந்தே ஸ்வரங்கள். மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. அதற்குள் முழுசாக அடங்கும் கார்டுகள் இரண்டுதான். பாட்டு பஞ்சமத்தில் போய் நிற்கும்போது, கிட்டார் பழகிய எந்தக் கையும் தானாக மூன்றாவது ஒரு கார்டுக்குத் தாவும். அதன் வயிற்றுக்குள் நிஷாதம் இருக்கிறது.

அக்கா பாட்டை நிறுத்துவார். "யாரு அந்த நிஷாதத்த உள்ள விட்டது?"

"கைப்பழக்கம்க்கா."

"அந்தக் கைய வாசல்ல கழட்டி வச்சுட்டு வா."

"அந்த இடம் அதைத்தான் கேக்குது."

"இடம் ஒண்ணும் கேக்கல. உன் கிட்டார் கேக்குது."

ஒருநாள் கண்ணாடியம்மா வெடித்துவிட்டார். "உன்கூட வாசிச்சா நான் வெளியாளு. இடியோட குழுவுல வாசிச்சா பாட்டு டீச்சரோட தங்கச்சி. நான் எப்பதான் நானா வாசிக்கிறது?"

"மொதல்ல மோகனத்த மோகனமா வாசி."

அக்கா சொன்னது சரி. நிஷாதம் நுழைந்துவிட்டால் அது மோகனம் இல்லை; வாதாட அதில் ஒன்றுமில்லை. எதிராளியின் பக்கம் நியாயம் இருப்பதால் நம்முடைய ஆத்திரம் தணிந்துவிடுவதில்லை, அவ்வளவுதான்.

அதன்பிறகு அவர் தன் கையோடு சண்டை போட்டார். பழக்கத்தில் தாவுகிற விரலைப் பக்கத்து விரலோடு டேப் சுற்றிக் கட்டிக்கொண்டு பழகினார். கண் பரிசோதனை அறையில், வாடிக்கையாளர் எழுத்துப் பலகையைப் படித்துக்கொண்டிருக்கையில், நாற்காலி முதுகில் அந்த இரண்டு கார்டுகளை மட்டும் இடது கை ஓசையில்லாமல் மாற்றி மாற்றி அழுத்தியது. கடைசி ஒத்திகைகளில் கை ஒருமுறைகூட வழிதவறவில்லை. "இப்பதான்டி அடங்கியிருக்கு" என்றார் அக்கா. பாராட்டுத்தான். கண்ணாடியம்மாவின் முகம் அதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை.

கச்சேரியன்று மடக்கு நாற்காலிகள் நிறைந்திருந்தன. இரண்டு கார்டுகள், சுத்தமாக, சொன்னபடி. பாதிப் பாட்டில் அக்கா தங்கையின் பக்கம் திரும்பித் தலையசைத்தார். கடைசி வரி வந்தது. குரல் பஞ்சமத்தில் ஏறி நின்றது. கிட்டார் ஒரு தட்டு பொறுத்திருந்தது. பிறகு அந்த மூன்றாவது கார்ட், நிஷாதத்தோடு, எல்லாத் தந்திகளும் சேர்ந்து, நிதானமாக ஒலித்தது. அக்காவின் குரல் இம்மியளவு அசைந்தது. பஞ்சமத்தை விடாமல் நின்று, பாட்டை முடித்தது.

கைதட்டல் ஓய்ந்து, மேடைக்குப் பின்னாலிருந்த அறைக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்தினார்.

"கை தவறிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்பிடுறேன். அடுத்த வருஷமும் சேர்ந்தே உக்காரலாம்."

கண்ணாடியம்மா கிட்டாரை உறைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"தவறலக்கா" என்று சொல்லி ஜிப்பை இழுத்து மூடினார். ஏன் என்று அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.