அஞ்ஞானிகளின் குசினியில் ஒரு கர்ப்பிணி

கர்ப்பிணிகளுக்குச் சமைக்கிறது ஒரு பொல்லாத வேலை. சமைக்கிறவளும் கர்ப்பிணியாக இருந்துவிட்டால் அதைவிடப் பொல்லாத வேலை உலகத்தில் இல்லை. மற்றச் சமையல்காரருக்கு உப்புக் கூடிப்போச்சு, புளி காணாது என்றுதான் முறைப்பாடு வரும். எங்களுக்கு, போன கிழமை அமிர்தமாயிருந்த அதே சூப் இந்தக் கிழமை மணத்தாலேயே குமட்டுது என்று வரும். அதைக் கேட்டுத் தலையாட்டுகிறவளுக்கும் அதே குமட்டல். வாந்தி எடுத்துவிட்டு வந்து வெங்காயம் வெட்டியவர்களே, முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சட்டியைக் கிண்டியவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடு அடங்கின நேரத்தில் எழுதுவதால் எங்கேயாவது கதை அறுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக்காரப் பெண்கள் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கட தமிழிலேயே போட்டிருக்கிறேன்.

வேலை கிடைத்த கதை

மவுண்ட் ஆல்பர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், டெய்ரி என்று இங்கே சொல்லுகிற மூலைக்கடையின் கண்ணாடியில் ஒரு துண்டு ஒட்டியிருந்தது. தாய்மார் வகுப்புக்கு வியாழக்கிழமைகளில் மரக்கறிச் சமையல் செய்ய ஆள் தேவை. விலாசம் எங்கட வாடகை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி. பழைய மரவீடு. கதவைத் திறந்தவர் மொய்ரா. ஐம்பது வயது, நிலம் தொடுகிற பாவாடை, பதிவுபெற்ற மருத்துவிச்சி. உட்காரவைத்துத் தேத்தண்ணி தந்துவிட்டு, “நாங்கள் பேகன்கள். பழைய காலத்துத் தேவியைக் கும்பிடுற ஆக்கள். எங்கட தாய்மாருக்கு நல்லாச் சாப்பிடவும் மருந்தில்லாமல் பிள்ளை பெறவும் பழக்கிறன். உமக்கு அதில ஏதும் சங்கடமோ?” என்று கேட்டார்.

பேகன் என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். மன்னாரில் கன்னியர் மடப் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் அஞ்ஞானிகள் மனந்திரும்ப வேண்டுமென்று நாள்தோறும் முழந்தாளிட்டு வேண்டியவள் நான். அந்த அஞ்ஞானிகள் இப்படி எனக்கு முன்னால் இருந்து, தேத்தண்ணிக்குப் பால் போடவோ என்று கேட்பார்கள் என்று சிஸ்டர்மார் சொல்லித் தரவில்லை. சிஸ்டர்மார் சொல்லித் தராதது இன்னொன்றும் இருந்தது. உயிரியல் புத்தகத்தில் பிள்ளைப்பேறு அத்தியாயம் வந்தபோது, “இதை வீட்டில் வாசியுங்கள்” என்று தாண்டிப் போனார்கள். வீட்டில் அம்மா புத்தகத்தையே எடுத்து ஒளித்துவிட்டார். அப்போது எனக்கு நாலாம் மாதம். வயிற்றில் இருப்பது எப்படி வெளியே வரப்போகிறது என்று நினைத்தாலே கை விறைத்துவிடும். யாரையும் கேட்கவும் பயம். கேட்டால் சொல்லிவிடுவார்களே!

வேலையை ஏற்பதா விடுவதா என்று என் கணவர் ரெஜியிடம் கேட்டேன். விமான நிலையத்துக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கிவிட்டு முதுகு நோவோடு வந்து படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “அவையள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் பசிக்கும்தானே? போய்ச் சமையும், கிறேஸ்.”

முதல் கரண்டி

மொய்ராவின் குசினியில் வெள்ளைச் சீனி இல்லை, வெள்ளை மா இல்லை. தவிட்டரிசிச் சோறு, பருப்பு சூப், சில்வர்பீட் கீரை, குமரா என்கிற இங்கத்தைய வத்தாளங்கிழங்கு, குடிக்க ராஸ்பெரி இலைத் தேநீர். அதெல்லாம் எனக்குப் பெரிய விசயமில்லை. பெரிய விசயம் முதல் கரண்டி. யாரும் வாயில் வைப்பதற்கு முன்னால் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து, பின்வளவில் பீஜோவா மரத்தடியில் தேவிக்கு வைக்க வேண்டும். சமைத்தவள்தான் வைக்க வேண்டுமாம்.

விக்கிரகங்களுக்குப் படைப்பது எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியும். வைத்தேன், வைக்கும்போது மற்றக் கையால் சிலுவை அடையாளமும் போட்டேன். இரண்டு பக்கத்தாரும் கோவிக்கக் கூடாதல்லவா? ஆனாலும் மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்க் கிழட்டு ஐரிஷ் பாதரிடம் அழுதழுது சொன்னேன். அவர், அந்தச் சாப்பாடு பிறகு என்ன ஆகிறது என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பூனை வந்து நக்கிவிட்டுப் போகும் என்றேன்.

“அப்ப அது பூனையின்ர சாப்பாடு, மகள். அடுத்த பாவத்தைச் சொல்லும்.”

பப்பாசி

வகுப்பில் ஏழெட்டுப் பேர். அவர்களில் ஹெதர் என்பவள்தான் எனக்கு நெருக்கம். என் வயது, என் மாதம், சிவப்புத் தலைமயிர். ஒருநாள் அவள் பசுபிக் தீவுக்காரர் கடையிலிருந்து ஒரு பெரிய பப்பாசிப் பழம் வாங்கிவந்து மேசையில் வைத்தாள். நான் யோசிக்கவேயில்லை. ஓடிப்போய்ப் பறித்து அலுமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். பிள்ளைத்தாய்ச்சிகள் தின்னக் கூடாது, எங்கட ஊரில் அப்படித்தான் என்றேன். ஏன் கூடாது என்று எனக்கும் தெரியாது.

சகோதரிகளே, அந்த ஒரு பப்பாசியோடு நான் ஞானியாகிவிட்டேன். கிழக்கு நாட்டுப் பழைய அறிவு முழுவதும் என் தலைக்குள் இருக்கிறதென்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. எந்தப் பிறையில் கீரை ஆய்வது, எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பது, எல்லாம் என்னிடம் வந்தன. நான் படித்ததோ கஸ்ரட் புடிங்கும் எம்பிராய்டரியும். கடைசியில் ஒருத்தி பக்தியோடு கையைக் கூப்பிக்கொண்டு, உங்கள் தாய்மார் பிரசவத்தைப் பற்றி மகள்மாருக்கு என்ன சொல்லித் தருவார்கள் என்று கேட்டாள். எங்கட வீட்டில் அதைக் கதைக்கிறதே இல்லை என்று உண்மையைச் சொன்னேன். எல்லாருக்கும் முகம் விழுந்துபோயிற்று. ஹெதர் மட்டும் சிரித்தாள்.

“எங்கட அம்மாவும் அப்படித்தான். ‘டொக்டரைக் கேள்’ எண்டு சொல்லிப்போட்டு டிவியைப் பெரிசாப் போட்டா.”

மீன் குழம்பு

மொய்ராவின் வகுப்புத் தாய்மார் மாமிசம் தொடுவதில்லை. நான் என் மத்தியானச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கொண்டுபோய், கதவைச் சாத்திக்கொண்டு குசினி மூலையில் தின்பேன். ஒருநாள் மீன் குழம்பும் சோறும். டப்பாவைத் திறந்து ஒரு வாய் வைத்திருப்பேன், கதவு மெல்லத் திறந்து ஹெதரின் சிவப்புத் தலை உள்ளே வந்தது. மூக்கு முன்னால், மற்றதெல்லாம் பின்னால்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கையாலேயே தின்றாள். உறைப்பில் கண்ணாலும் மூக்காலும் ஓடியது. ஆனாலும் டப்பாவை விடவில்லை. முள்ளை மட்டும் எடுத்துக் கடுதாசியில் சுற்றி, பையின் அடியில் திணித்தாள். உங்கட தேவி பார்த்துக்கொண்டெல்லோ இருப்பா என்று பகிடியாகக் கேட்டேன்.

“தேவி பார்த்தால் மன்னிப்பா. மொய்ரா பார்க்கக் கூடாது.”

பிளெண்டர்

குசினிக்கும் ஹோலுக்கும் நடுவில் சாப்பாடு கொடுக்க ஒரு சின்ன யன்னல். அதால் வகுப்பு முழுவதும் கேட்கும். இரும்புச்சத்து, கீரை, நடை, மூச்சு எல்லாவற்றையும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். ஆனால் மொய்ரா, “இனிப் பிள்ளை கீழே இறங்கும் நேரம்...” என்று தொடங்கினால் போதும், என் கை தானாகப் பிளெண்டரின் பொத்தானை அமத்திவிடும். சூப் அரைப்பதுபோல ஓடவிடுவேன். பாடம் முடிந்திருக்கும் என்று தோன்றும்போது நிற்பாட்டுவேன். இப்படியே மாதக்கணக்கில் உணவுப் பகுதி முழுவதும் எனக்குப் பாடம். என் பாடத்தில் பிள்ளை மட்டும் இன்னும் வயிற்றுக்குள்ளேயே நின்றது.

ஏழாம் மாதம் ஒரு வியாழக்கிழமை பிளெண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து சுவரிலிருந்த சுவிட்சை நிற்பாட்டியது. மொய்ரா. பிளெண்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே வெறும் தண்ணீர். எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. அவர் ஏசவில்லை. உமக்கு மருத்துவிச்சி யார் என்று கேட்டார். ஒருத்தருமில்லை, மாதம் ஒருக்கா குடும்ப டொக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறார் என்றேன். பயமாயிருக்கு, கேட்க ஏலாமல் இருக்கு என்று சொல்லும்போதே அழுதுவிட்டேன். மொய்ரா என் ஏப்ரனை அவிழ்த்துக் கதவில் கொழுவினார்.

“இண்டையிலிருந்து நான்தான் உமக்கு மருத்துவிச்சி. வாரும், ஹெதருக்குப் பக்கத்தில இரும். சூப்பை அவையள் அரைக்காமலே குடிக்கட்டும்.”

செபமாலை

அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டேன். படமும் பார்த்தேன், விரலிடுக்கால். அடுத்தது மூச்சுப் பயிற்சி. நோவு வந்து போகும் மட்டும் ஒவ்வொருத்தியும் ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு மூச்சு விட வேண்டும். மற்றவர்களுக்கு நிலாவும் தேவியும். என் முறை வந்ததும், எனக்கு அந்தப் பாட்டொன்றும் தெரியாதே என்றேன். உமக்கு மனப்பாடமாய் வருகிறது எதுவோ அதைச் சொல்லும் என்றார் மொய்ரா. எனக்கு மனப்பாடமாய் வருவது மாதாவுக்குச் சொல்லுகிற மங்கள வார்த்தை செபம் ஒன்றுதான். தமிழில் சொன்னேன். பாதியில் மூச்சு இழுத்து, மிச்சத்தில் விட்டு, மறுபடியும் தொடக்கத்துக்கு வந்தேன். பத்தாவது தரம் முடியும்போது தோள் இறங்கிவிட்டது; வயிறும் இளகிவிட்டது. முதல்முறையாக அந்த அறையில் எனக்குக் கை விறைக்கவில்லை.

செபத்தின் கருத்தைக் கேட்டார்கள். ஒரு பெண்ணைப் பார்த்து, உன் வயிற்றின் கனி ஆசீர்வதிக்கப்பட்டது என்று சொல்லுகிறோம், அதையே மணி மணியாகத் திருப்பித் திருப்பிச் சொல்லுவோம் என்றேன். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். மாதா தெய்வமில்லை, நாங்கள் வணக்கம் மட்டும்தான் செலுத்துகிறோம் என்று மறைக்கல்வியில் படித்தபடி விளங்கப்படுத்தப் போனேன். ஹெதர் விடவில்லை.

“இப்படி ஒண்டைக் கையில வைச்சுக்கொண்டு, இவ்வளவு நாளும் குசினிக்குள்ள ஒளிச்சிருந்தனீரோ?”

ஆஸ்பத்திரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து படியிறங்கும்போது நோவு தொடங்கியது. ரெஜி சிவப்பு விளக்கையும் கவனிக்காமல் காரை ஓட்டினார். மொய்ரா எங்களுக்கு முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றார். நடந்தேன், முழந்தாளில் நின்றேன், வெந்நீரில் இருந்தேன், செபம் சொன்னேன். பின்னேரம் வரைக்கும் எல்லாம் வகுப்பில் சொன்னபடிதான். அதற்குப் பிறகு வந்த நோவில் செபத்தின் முதல் சொல்லே மறந்துபோயிற்று. மூச்சும் மறந்தது. மொய்ராவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, ஏலாது, எனக்குப் பயமாயிருக்கு என்று கத்தினேன். அவர் என் முகத்துக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூச்சாக விட்டுக்காட்டினார். நான் மறந்துபோன செபத்தை ரெஜி விட்ட இடத்திலிருந்து எடுத்துச் சொன்னார். பயம் கடைசி மட்டும் போகவில்லை. அது இருக்கும்போதே மகள் வந்துவிட்டாள், ஈரமாக, கோபமாக, என் நெஞ்சில்.

எல்லாம் அடங்கின பிறகு மொய்ராவிடம் கேட்டேன், இவ்வளவு படித்தும் கடைசியில் பயந்து கத்திவிட்டேனே, பிழைவிட்டுவிட்டேனோ என்று. அவர் பிள்ளையின் தலையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“எத்தினை பிள்ளைப்பேறு பார்த்திட்டன், கிறேஸ், இண்டைக்கும் வாசலில நிக்கேக்க எனக்குக் கால் நடுங்கினது. வேற என்னத்துக்கு நான் நிலத்தைக் கூட்டுற மாதிரிப் பாவாடை போடுறன் எண்டு நினைச்சீர்?”

பிள்ளைப்பேற்றைப் பற்றிய என் பயம் இப்போது வயிற்றில் இல்லை, சகோதரிகளே. அது தொட்டிலில் படுத்துக்கொண்டு பாலுக்கு அழுகிறது.