ஒற்றைக் குண்டும் ஒரு பிடி சில்லும்

மானுக்கு ஒற்றைக் குண்டு போதும். இதை என் மனைவியின் அண்ணனிடம் எத்தனை தடவை சொன்னேனோ, செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆற்றுக்கு இக்கரையில், தன்லியினில் குடியிருந்தோம். வாரமெல்லாம் எனக்கு அக்கரை நகரத்தில், கியாக்டடாவில் கடை வேலை. மைத்துனருக்குப் பக்கத்து ஊரான கியாக்தானில் வயல். மான் நெல்லை மேய்கிறது என்று சொல்லி, இரும்புக் குழாயில் செய்த நாட்டுத் துப்பாக்கி ஒன்றைக் கூரைக்குள் ஒளித்து வைத்திருந்தார். வாய் வழியாகக் கரிமருந்து கொட்டி, குண்டை இறக்கி, கம்பியால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். ஒரு தடவை வெடித்தால் மறுபடி கெட்டிப்பதற்குள் மான் பெகுவுக்கே போய்விடும்.

அதனால்தான் சொன்னேன். குழாய்க்குப் பொருந்துகிற உருண்டைக் குண்டு ஒன்றைத் துணியில் சுற்றி இறக்குங்கள். மான் பக்கவாட்டில் நிற்கும்வரை பொறுத்து, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் அடியுங்கள். வயிற்றில் பட்டால் அது எங்கேயோ ஓடிப்போய்த் துடித்துச் சாகும். கறியும் நாறும்.

"ஒரு குண்டு தப்பிப்போச்சுன்னா? ஒரு பிடி சில்லு போட்டா எதாச்சும் ஒண்ணு படும் மாப்ளே" என்பார். பழைய பாட்டரி ஈயத்தைத் துண்டு துண்டாக நறுக்கிக் குழாய்க்குள் போடுவார். மான் எப்படிச் செத்தால் அவருக்கென்ன? குறி தவறியது என்று ஊரில் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

துப்பாக்கி அவருடையது, சுடுவதும் அவர்தான். புதருக்குள் தட்டிக்கொண்டு போய் மானை விரட்டுவது வீட்டு மாப்பிள்ளையான நான். அந்த 'எதாச்சும் ஒண்ணு' என் கண்ணில் பட்டால் என்ன செய்வது என்று மனைவியிடம் கேட்டேன். "எங்கண்ணன் கண்ணு பருந்துக் கண்ணு" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மான் புதரிலிருந்து பாய்ந்தது. பருந்துக் கண்ணர் பொறுக்கவில்லை. ஓடுகிற மானைப் பார்த்து வெடித்தார். சில்லுகளில் சில அதன் வயிற்றில், மூன்று என் தோளில், ஒன்று என் கண்ணுக்குக் கீழே. மான் ஓடிவிட்டது. நான் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் முதலில் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றினார், பாவி!

"ஆஸ்பத்திரி மட்டும் வேணாம் மாப்ளே. துப்பாக்கி எங்கேன்னு கேப்பாங்க, என்னை உள்ள தள்ளிருவாங்க."

கண் தெரிகிறதா என்று அந்த மனிதர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு பஸ்ஸில் தன்லியின் வந்து சேர்ந்தேன். தெரிந்த கம்பவுண்டர் ஒருவர் மரப்பு ஊசிகூட இல்லாமல் நான்கையும் நோண்டி எடுத்தார். கண் பிழைத்தது. மனைவி அந்தச் சில்லுகளைக் கழுவி ஒரு கிண்ணத்தில் போட்டு வைத்தாள்.

மான், நாற்றம் வந்த பிறகு, அவருடைய வயல் வரப்பிலேயே கிடைத்தது. யாருக்கும் ஒரு துண்டு உதவவில்லை.

அடுத்த வாரம் வெறுங்கையோடு வந்தார். நாப்பி மீன்விழுதுக் குழம்பு ஊற்றிச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அந்த ஈயத்தை எடுத்து வச்சிருக்கீங்களா? இப்ப ஈயம் எங்க கிடைக்குது?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மனைவி கிண்ணத்தோடு வந்தாள். நான்கு சில்லுகளையும் அண்ணன் தட்டில் கொட்டி, சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள்.

"சாப்பிடுண்ணே. எதாச்சும் ஒண்ணு பல்லுல படும்."