மோட்டார் அறையில் சந்தனம்

எங்கள் வீட்டில் சாமி கும்பிடாத ஒரே ஆள் அப்பா. சண்டையெல்லாம் போடமாட்டார், கேலிதான். அம்மா விளக்கேற்றும்போது, "உங்க சாமிக்கு வோல்டேஜ் பத்துமா?" என்று கேட்பார். அம்மா திரியை இன்னும் கொஞ்சம் தூண்டிவிடுவாள்.

கொல்கத்தாவில் ஆற்றோரத்துச் சின்னக் கப்பல் பட்டறை ஒன்றில் அவர் மின்சார இன்ஜினீயர். நாங்கள் அதே ஊரில் டாக்குரியா பக்கம் குடியிருந்தோம். அந்த வருஷம் பட்டறையில் ஆட்களை அக்கரை சேர்க்கும் ஒரு படகு உருவாகிக்கொண்டிருந்தது. வழக்கமான படகில் டீசல் இன்ஜினையும் ப்ரொப்பெல்லரையும் ஒரு நீளத் தண்டு பிணைத்திருக்கும். ஏறி உட்கார்ந்தால் பல்லெல்லாம் ஆடும். அப்பாவின் படகில் இன்ஜின் மின்சாரம் மட்டும் உண்டாக்கும். அந்த மின்சாரம் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ப்ரொப்பெல்லரைச் சுற்றும். டீசலும் குறைவு, ஆட்டமும் குறைவு என்று இட்லி சாப்பிடும்போதெல்லாம் எங்களுக்கு வகுப்பு நடக்கும். "ஊரெல்லாம் லோட்ஷெட்டிங். இவர் தண்ணிக்குள்ள கரண்ட் விடப் போறாராம்" என்பாள் அம்மா.

பட்டறையிலும் பாதிப்பேர் அம்மா கட்சிதான். முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். அக்கரைக்குப் படகு விடும் ஃபெர்ரி ஆபீஸ்காரர்கள் முன்னால் படகு ஓடிக்காட்டினால் இதே மாதிரி இன்னும் கட்டலாம். மக்கர் பண்ணினால் மோட்டாரைப் பிடுங்கிவிட்டுப் பழையபடி தண்டு மாட்டிவிடுவது. அப்பா தூக்கத்தில்கூட வயரிங் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள் விஸ்வகர்மா பூஜை. அன்றைக்கு வங்காளத்தில் எந்தப் பட்டறையிலும் இயந்திரம் ஓடாது. குடும்பத்தோடு வரச் சொல்லிக் கிச்சுடி என்ற பருப்புச் சோறு போடுவார்கள். வானமெல்லாம் காற்றாடியாக இருக்கும். "நம்ம ஆயுத பூஜைதானே இது" என்று அம்மா பித்தளைக் கிண்ணத்தில் பன்னீர் விட்டுச் சந்தனம் குழைத்து எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் மிக்சி, ஃபிரிட்ஜ், என் சைக்கிள் எல்லாவற்றுக்கும் அவள் கையால் பொட்டு உண்டு.

அப்பா மோட்டார் அறை வாசலில் குறுக்கே கயிறு கட்டிக் காவல் நின்றார். செவ்வந்தி மாலையோடு வந்த ஃபிட்டரைத் திருப்பி அனுப்பினார். அடுத்தது அம்மா.

"ஒரே ஒரு பொட்டு. வெச்சா உங்க கப்பல் முழுகிடுமா?"

"கரண்ட் இருக்கற இடம். பூ, பொட்டு, எலுமிச்சம்பழம் எதுவும் உள்ள வரக்கூடாது."

அத்தனை பேர் முன்னால் சொன்னதில் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. கிளம்பும்வரை பூஜைக் கொட்டகையில் என் பக்கத்தை விட்டு அவள் நகரவே இல்லை. எனக்கு அப்பாமேல் கோபமான கோபம்.

மறுநாள் காலையில் சோதனை ஓட்டம் பார்க்கக் கிளம்பும்போது அம்மா பையைத் துழாவினாள். கிண்ணம் இல்லை. "பட்டறையிலயே விட்டுட்டோமாம்மா?" என்றேன். அப்பா எங்களுக்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். அம்மா அவருடைய காலி நாற்காலியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஏனோ சிரித்துக்கொண்டாள்.

படகுத்துறையில் அப்பாதான் என்னைத் தூக்கி உள்ளே விட்டார். அவர் கையில் சந்தன வாசனை. புது சோப்பு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். படகோட்டி நெம்புகோலைத் தள்ளினார். படகு ஒரு முழம் நகர்ந்தது, சிவப்பு விளக்கு எரிந்தது, நின்றுவிட்டது. திரும்பத் தள்ளினார், அதே கதை. ஃபெர்ரி ஆபீஸ்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். அப்பாவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. கோபமெல்லாம் போய் எனக்கு அழுகை முட்டியது.

அப்பாவும் ஃபோர்மேன் காக்குவும் கீழே ஓடினார்கள். காக்கு என்றால் வங்காளத்தில் சித்தப்பா. அவர்தான் முதலில் மேலே வந்தார், மஞ்சளாக ஏதோ அப்பிய விரலோடு. மோட்டார் சுற்றுகிறதா என்று பார்க்க அதன் பின்புறம் ஒரு சின்னக் கண்ணாடிக் கண் உண்டு. யாரோ அதற்குச் சற்று மேலே, மறைவாகப் பொட்டு வைத்திருக்கிறார்கள். பன்னீர் கூடிப்போன சந்தனம் நீர்த்து வழிந்து கண்ணை மூடிவிட்டது. மோட்டார் சுற்றவில்லை என்று நினைத்து மின்சாரம் தானே நின்றுகொண்டது.

காக்கு விரலை மோந்து பார்த்தார். "சொந்தோன்" என்றார். சந்தனத்துக்கு வங்காளத்தில் அதுதான் பேர்.

அப்பா படியிலேயே நின்றுவிட்டார். யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். அந்தப் படகில் நெற்றியில் சந்தனம் வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஆமி தியேச்சி" என்றாள் அம்மா. நான்தான் வைத்தேன்.

பச்சைப் பொய். அவள் கயிற்றைத் தாண்டவே இல்லை என்பதற்கு நான் சாட்சி. வாயைத் திறந்தேன், என் கையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. முதலாளி முறைத்தார். ஆனால் பூஜைக்காகச் செய்த ஒரு பெண்ணை என்னவென்று வைவது? "அடுத்த தடவை கயிற்றுக்கு வெளியே வையுங்கள், பௌதி" என்று அண்ணி முறை வைத்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். மாலை கொண்டுவந்து திரும்பிப்போன ஃபிட்டர்தான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார்.

கண்ணைத் துடைத்தார்கள். நெம்புகோலைத் தள்ளியதும் படகு ஆற்றின் நடுவுக்குப் போயே போய்விட்டது. ஆபீஸ்காரர் ஒருவர் கையிலிருந்த டீ தளும்பவில்லை. அவர் அதைக் காட்டி, "அடுத்த படகை எப்போது ஆரம்பிக்கலாம்?" என்று கேட்டார். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

பஸ்ஸில் அம்மாவிடம், "ஏம்மா பொய் சொன்ன?" என்றேன்.

"கப்பல் போச்சா, இல்லியா?"

"போச்சு."

"அப்பறம் என்ன."

அன்று சாயங்காலம் அப்பா ஆபீஸ் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய கிண்ணத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினார். அம்மா அதை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் விளக்கேற்றி முடிக்கும்வரை அப்பா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வோல்டேஜ் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

எனக்கு அப்பாவை நினைத்து ஒரே பெருமை. வெறும் கிண்ணம்தானே என்று விடாமல் தேடி எடுத்து வந்திருக்கிறாரே. "நல்லவேளைப்பா, அம்மா மறந்துட்டு வந்தத நீங்களாவது பத்திரமா எடுத்துட்டு வந்தீங்க" என்று பாராட்டினேன். அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே வெகுநேரம் அடக்கி அடக்கிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா தலையைக் குனிந்தபடி என் கன்னத்தைத் தட்டினார். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.