அடியில் வைத்த ஒரு வேளை

மதுரையில் பார்மசி படித்து முடித்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியின் மருந்துக் கூடத்தில் சில மாதம் பயிற்சி எடுத்துவிட்டால் பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அறுபதுகளின் தொடக்கம் அது. பெண் கம்பவுண்டரை அந்தப் பக்கத்து ஜனங்கள் அதிகம் பார்த்ததில்லை. வரிசையில் நிற்பவர்கள் என்னைத் தாயி என்பார்கள். நான் அவர்களை வைதுகொண்டிருப்பேன். எனக்கு வாய் அப்போதே நீளம்.

மருந்துக்குப் பாட்டிலை நோயாளிதான் கொண்டுவர வேண்டும். ஊற்றிக் கொடுத்த பிறகு, ஓரம் வெட்டிய காகிதப் பட்டை ஒன்றைப் பாட்டிலில் ஒட்டுவோம். ஒரு வெட்டு அளவு இறங்கினால் ஒரு வேளை. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அது புரியும். ஆனால் கிராமத்து ஜனங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கடைசி வேளையைக் குடிக்காமல் அடியில் அப்படியே வைத்து, அடுத்த முறை வரும்போது பாட்டிலை நீட்டி, இதே மருந்துதான் வேண்டும் என்பார்கள். நிறத்தைப் பார்த்து நாங்கள் அதையே தருவோம் என்று ஒரு நம்பிக்கை. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அளந்து அளந்து கலக்கியதைத் தினமும் சாக்கடையில் கொட்டிக் கழுவுவது நான்தானே.

அந்தத் திங்கட்கிழமை குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். பிறந்த பிள்ளையைப் பறிகொடுத்தவள். தூக்கமும் இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. டாக்டர் இரண்டு மருந்து எழுதியிருந்தார். ஒன்று மனதை அமர்த்த புரோமைடு. இன்னொன்று எட்டிக்கொட்டைச் சத்து சேர்ந்த டானிக். எட்டி, சொட்டுக் கணக்கில் போனால் தெம்பு தரும். அளவு மீறினால் உடம்பை வில்லாக வளைத்துக் கொன்றுவிடும். இரண்டு மருந்தையும் மதியமும் இரவும் சாப்பாட்டுக்குப் பின் நாலு நாள் குடிக்க வேண்டும்.

அவள் கொண்டுவந்தது ஒரே பாட்டில்.

இன்னொரு பாட்டில் வாங்கி வரச் சொல்லியிருக்கலாம். பஸ் போய்விடும் என்று கையைப் பிசைந்தாள். அவளுக்குப் பின்னால் நிற்கும் வரிசை என் கண்ணை உறுத்தியது. இரண்டும் போய்ச் சேருவது ஒரே வயிற்றுக்குத்தானே என்று இரண்டையும் அவள் பாட்டிலிலேயே ஊற்றினேன். தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது. கொள்ளாமல் மிஞ்சிய கொஞ்சத்தைச் சின்னக் குப்பி ஒன்றில் விட்டு ஜன்னல் ஓரம் வைத்தேன். பிறகு என் வழக்கமான பாட்டைப் பாடினேன். அடியில் ஒரு சொட்டு மிச்சம் வைத்துக்கொண்டு வந்தால் இனி இந்தப் பக்கமே வரக்கூடாது என்றேன். கையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். அவளும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஜன்னலைத் துடைக்கும்போது அந்தக் குப்பி கையில் பட்டது. அடியில் வெள்ளை வெள்ளையாக ஊசிபோல் படிகங்கள் உறைந்து கிடந்தன. படித்த பாடம்தான்; பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். எட்டிச் சத்தை நிறைய புரோமைடோடு சேர்த்தால் அது மெதுவாகப் பிரிந்து அடியில் போய் உட்காரும். மேலே இருப்பதைக் குடித்தால் ஒன்றும் ஆகாது. அத்தனை நாள் விஷமும் கடைசி வேளையில் சேர்ந்து கிடக்கும்.

திங்கள் மதியம் முதல் வேளை. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். கடைசி வேளை நேற்று ராத்திரியோடு முடிந்திருக்க வேண்டும்.

மறைத்துவிடலாமா என்றும் ஒரு நிமிஷம் தோன்றியது. அதைச் சொல்ல இன்றும் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கால்கள் தானாகத் தலைமைக் கம்பவுண்டரிடம் போய் நின்றன. பேகம்பூர்ப் பக்கத்து ராவுத்தர் அவர். யாரையும் அதட்டிப் பேசாதவர். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்ததைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழுவுறதுக்கு நேரமில்லம்மா. டாக்டர் ஆபரேசன்ல இருக்காரு, நான் சொல்லிக்கிறேன். உனக்குத்தான் மொகம் தெரியும். பஸ்ஸப் பிடி," என்றார். ரிஜிஸ்டரைப் பார்த்து அவள் பெயரையும் ஊரையும் என் உள்ளங்கையில் அவரே எழுதினார்.

பஸ்ஸில் ஜெபமாலையை எடுத்தேன். வாயில் ஒரு மந்திரமும் நிற்கவில்லை. மாதாவே, அவள் என் பேச்சைக் கேட்டிருக்கக் கூடாது, சத்தியத்தை மீறியிருக்க வேண்டும் என்று இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். எதிரே வந்த ஒரு கூட்டத்தைச் சவ ஊர்வலம் என்று நினைத்துவிட்டேன். சந்தைக்குப் போகிறவர்கள்.

குஜிலியம்பாறையில் இறங்கி மூன்று மைல் நடை. வழியெல்லாம் நிலக்கடலைக் காடு. ஊர்க் கிணற்றடியில் இரண்டு பெண்கள் நின்றார்கள். அவள் இருக்கிறாளா என்று கேட்கப் பயம். பெயரைச் சொல்லி வீடு எது என்று மட்டும் கேட்டேன். ஒருத்தி என் முகத்தையே பார்த்தாள். பிறகு, வீட்டில் யாரும் இல்லை, அவள் கடலை பிடுங்கப் போயிருக்கிறாள் என்று கையைக் காட்டினாள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் அவளே காட்டிலிருந்து என்னைப் பார்த்துவிட்டாள். ஓடி வந்தவள் பத்தடி தள்ளி நின்றாள். கண்ணில் அப்படி ஒரு பயம். எங்கே பாட்டில் என்றேன். வீட்டுக்குக் கூட்டிப் போனாள். மாடத்தில் இருந்தது. துணியால் அடைத்த வாய். அடியில் ஒரு வேளை மருந்து. அதற்குள் வெள்ளை ஊசிகள். நான் கையை நீட்டுவதற்குள் அவள் எடுத்துவிட்டாள்.

"வையாதீங்க தாயி. இதே மருந்து திரும்பக் கெடைக்கணுமேன்னுதான் வச்சேன். இதுக்கா இம்புட்டுத் தொலவு வந்தீங்க? இந்தா, இப்பவே குடிச்சிர்றேன்."

துணியைப் பிடுங்கி, ஒரு குலுக்குக் குலுக்கி, பாட்டிலை வாயில் கவிழ்க்கப் போனாள்.

கையோடு சேர்த்துத் தட்டிவிட்டேன். பாட்டில் வாசல் கல்லில் விழுந்து உடைந்தது. அவள் உதட்டை என் முந்தானையால் தேய் தேய் என்று தேய்த்தேன். தப்பு என்னுடையது, அடியில் இருந்தது விஷம், நான்தான் சேர்க்கக்கூடாததைச் சேர்த்தேன் என்று அழுதுகொண்டே சொன்னேன். அவள் நம்பவில்லை. சத்தியம் தவறியதற்குத்தான் நான் இப்படி ஆடுகிறேன் என்று நினைத்து, திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை வரிசையில் நின்றாள். இப்போது கையில் இரண்டு பாட்டில்கள். என் ஜன்னலுக்கு வந்ததும் இரண்டையும் தலைகீழாகப் பிடித்து உதறிக் காட்டினாள்.

"ஒரு சொட்டு இல்ல தாயி, பாத்துக்கங்க."

வாங்கி அளவுக் குவளையை எடுத்தேன். திரும்பக் கீழே வைத்துவிட்டேன். பின்னாலிருந்த ராவுத்தரைக் கூப்பிட்டு, நீங்கள் ஊற்றுங்கள் என்றேன்.