கன்னியம்மாளின் சுத்தமான தோப்பு

முதலியார்பேட்டையில் கன்னியம்மாளைப் போல் சுத்தக்காரி கிடையாது. அந்தச் சுத்தம்தான் அவள் குடியைக் கெடுத்தது என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். நான் பக்கத்து வீட்டுக்காரன், கண்ணால் பார்த்தவன்.

பிரெஞ்சுக்காரன் கொடியை இறக்கிக்கொண்டு போன மழைக்காலத்தில், மில் தொழிலாளியான அவள் புருஷன் பக்கிரி தவளக்குப்பத்துச் செம்மண்ணில் சவுக்குக் கன்று நட்டான். மறுவருஷமே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். தோப்பு அவள் கைக்கு வந்தது. உதிர்ந்த சருகை ஒரு துரும்பு விடாமல் கூட்டி, ரொட்டிக் கடை அடுப்புக்குப் போட்டுப் பிழைத்தாள். வீட்டு வாசல் மாதிரி தோப்பு பளிச்சென்று இருக்கும். பக்கத்துத் தோப்புக்காரன் அம்மாவாசை சரியான சோம்பேறி. அவன் சருகு விழுந்த இடத்திலேயே மக்கிக் கிடக்கும்.

"பாம்பு குடியிருக்கட்டும்னு உட்டு வெச்சிருக்கியா?" என்று அவள் கேட்காத நாள் இல்லை.

ஐந்தாம் வருஷம் இருவரும் மரம் வெட்டினார்கள். அவள் வேரைக்கூடத் தோண்டி விற்று மகள் ஆயம்மாவின் கல்யாணத்தை முடித்தாள். அவன் தோண்டச் சோம்பல்பட்டு வேரை மண்ணிலேயே விட்டான். மறுபடி கன்று நட்டார்கள். அது வளர்ந்தால்தான் வயதான காலத்தில் அவளுக்குக் கஞ்சி.

வளரவில்லை. மூன்று வருஷமாகியும் இடுப்பளவில் மஞ்சளடித்து நின்றன. அம்மாவாசையின் மரங்கள் கூரைக்கு மேல் போய்விட்டன. கூட்டச் சருகில்லாமல் அவள் களையெடுக்கப் போனாள். அந்த வேலையும் தினம் கிடைக்கவில்லை.

ஒரு சாயங்காலம் என்னையும் அழைத்துப் போய் அவன் தோப்பில் மண்ணைக் கிளறினாள். ஒரு சாண் ஆழத்துக்குக் கறுப்பு மண், ஈரமாகக் கையில் ஒட்டியது. தன் தோப்பில் கிளறினாள். வெறும் செங்கல் பொடி.

"என்னா எருய்யா போட்ட?" என்று அம்மாவாசையைக் கேட்டாள்.

"நான் என்னாத்தப் போட்டேன். மரம் போட்டுது, நான் கூட்டல."

"என் மண்ணும் இப்புடி ஆவுமா?"

"சருகு விழுந்தா ஆவும். அதுக்கு மரம் வளரணும்."

"மண்ணுல சத்து இருந்தாதானய்யா மரம் வளரும்" என்றாள்.

அம்மாவாசை ஒரு கோணி நிறையச் சருகு அள்ளிக் கொடுத்து, கன்றுகளின் அடியில் பரப்பச் சொன்னான். இருட்டிவிட்டது. போட்டுவிட்டு வந்தால் அடுப்பெரிக்க யாராவது வாரிப் போய்விடுவார்கள் என்று தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

காலையில் அவளைத் தோப்புக்குக் கூப்பிடப் போனேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கோணி பாதி காலி.

"முந்தாநாள்லேருந்து அடுப்பு மூட்டலண்ணே" என்றாள்.

தரையில் சிந்தியிருந்த சருகை ஒரு துரும்பு விடாமல் கூட்டி, அதையும் அடுப்பில் போட்டாள்.