அக்காவின் கண்ணாடி வீடும் ஒரு தட்டம் வெற்றிலையும்

எங்கள் அன்புக்குரிய அக்கா எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவரைப் பற்றி நாலு வார்த்தை எழுதும் பொறுப்பு அவரது ஒரே தங்கையாகிய என்னிடம் வந்திருக்கிறது. அக்கா இருந்திருந்தால் இதை வாங்கி வாசித்து, "உதெல்லாம் புளுகு" என்று பாதியை வெட்டியிருப்பார். ஆகவே, முடிந்தவரை புளுகாமல் எழுத முயல்கிறேன்.

அக்கா சாவகச்சேரியில் பிறந்தவர். படிப்பில் கெட்டிக்காரி, வாய்க்காரியும்கூட. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் ஐயாவும் அவரைத் தொடர்ந்து அம்மாவும் காலமானார்கள். அதன் பிறகு எனக்குத் தலை வாரி இழுத்ததும், படிப்பித்ததும், அடித்ததும், அணைத்ததும் அக்காதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அத்தானைக் கைப்பிடித்து மெல்பேர்ன் வந்தார். நான் சித்தப்பா வீட்டில் தங்கிப் படிப்பை முடித்துவிட்டு, சில ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தேன்.

அக்காவின் பட்டத்தை இங்கே எந்தப் பள்ளிக்கூடமும் ஏற்றுக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் பக்கத்திலிருந்த நகரசபைப் பூங்காவில் ஒரு கண்ணாடி வீடு இருந்தது. குளிர் தாங்காத செடிகளை வைத்து வளர்க்கும் அந்த இடத்துக்கு ஆள் தேவையென்று அறிந்து, அக்கா போய்க் கேட்டு வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அத்தானுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை.

"படிச்சுப்போட்டு மண் கிண்டப் போறீரோ?" என்றாராம்.

"படிச்சதே மண்ணிலை நிக்கிறதைப் பற்றித்தானே" என்று அக்கா சொன்னாராம். அந்தப் பேச்சு அத்துடன் முடிந்தது.

நான் வந்து இறங்கியது நல்ல குளிர்காலத்தில். மூக்கு நுனி இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, மறுநாளே அக்கா தன் வேலையிடத்துக்கு அழைத்துப் போனார். வெளியே புல்லெல்லாம் உறைபனி. கதவைத் திறந்து உள்ளே கால் வைத்ததும் கதகதப்பான ஈரக் காற்று முகத்தில் அடித்தது. என் மூக்குக்கண்ணாடியில் ஆவி புகார்போல் படிந்து ஒன்றும் தெரியவில்லை. நான் திகைத்து நிற்க, "கதவு! கதவு!" என்று அக்கா கத்தினார். சூடு வெளியே போய்விடுமாம். அந்தக் கத்தலை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். அவருடைய வீட்டுக்கு வந்துபோன எல்லோருமே அதைக் கேட்டிருப்பீர்கள்.

குளிர்காலத்தில் அந்தக் கண்ணாடி வீடு ஓர் ஆசுபத்திரி போலவே இருக்கும். அயலிலுள்ள வெள்ளைக்காரப் பெண்கள் தங்கள் வீட்டுச் சாடிச் செடிகளைக் கம்பளித் துணியில் சுற்றிக் குழந்தைப்பிள்ளைபோல் தூக்கி வருவார்கள். இலை பழுத்தவை, வேர் அழுகியவை, கணப்படுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் கருகியவை. அக்கா சாடியைத் தூக்கிப் பாரம் பார்த்து, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "தண்ணீர் ஊற்றியே கொன்றுவிட்டீர்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அவர்கள் கோபிக்காமல் மறுவாரம் கேக் கொண்டு வருவார்கள். மேற்பார்வையாளர் ஸ்டான் அதிகம் பேசாத மனிதர். அக்காவின் இடியப்பப் பெட்டியைக் கண்டால் மட்டும் பேச்சு வரும்.

அடுத்த குளிர்காலத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தது. மாப்பிள்ளை இங்கேயே பொறியியலாளர். மகனைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருந்த அவரது தகப்பனார்தான் வந்து பேசி முடிவு சொல்ல வேண்டியவர். எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அதை அக்காவிடம் நான் சொல்லவில்லை; ஆனால் அவருக்குத் தெரியும்.

பலகாரமெல்லாம் ஆயத்தம். அவர் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் அக்கா வெற்றிலைத் தட்டத்தை எடுத்துத் துடைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். அந்தக் காலத்து மெல்பேர்னில் வெற்றிலைக்கு எங்கே போவது?

"வெறும் பாக்கை வையுங்கோவன்" என்றேன்.

"வெத்திலை இல்லாமல் தட்டம் வைக்கிறதோ? தாய் தகப்பன் இல்லாத வீடெண்டு உடனை தெரிஞ்சிடும்."

மறுநாள் விடிய வேலையிடத்துக்குப் போய் வந்தவரின் கையில் ஒரு கொத்து இலை. இதய வடிவம், கரும்பச்சை, மினுமினுப்பு. பிலோடென்ட்ரன் என்று இங்கே வீடுகளுக்குள் தொங்கவிடுவார்களே, அந்தக் கொடியின் இலை. அடுக்கிப் பாக்கும் வைத்ததும் அசல் வெற்றிலையேதான். "இது சும்மா பார்வைக்கு. தட்டத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வைப்பினம். மெல்பேர்னிலை ஆர் வெத்திலை போடுகினம்?" என்றார் அக்கா. அந்த இலை வாய்க்கு ஆகாது என்பது அவர் படித்த பாடம். ஆனால், ஊரிலிருந்து வந்த ஒரு மனிதர் மாதக்கணக்கில் வெற்றிலைக்கு ஏங்கிப்போயிருப்பார் என்பதை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து அமர்ந்தார். தட்டத்தைக் கண்டதும் பெரியவரின் முகம் மலர்ந்தது. பேச வந்த விடயத்தையே மறந்துவிட்டார். ஓர் இலையை எடுத்து, வேட்டியில் இரு புறமும் துடைத்து, காம்பையும் நுனியையும் கிள்ளி, பாக்கை வைத்து மடித்து, நாங்கள் மூச்சு விடுமுன் வாய்க்குள் வைத்துவிட்டார்.

அக்கா பாய்ந்து போனார். "ஐயா, துப்புங்கோ! விழுங்காதையுங்கோ, துப்புங்கோ!"

சம்பந்தம் பேச வந்த பெரியவரைப் பெண் வீட்டார் துப்பச் சொல்வதா? சபையே விறைத்துப் போனது. பெரியவர் எங்கே துப்புவதென்று தெரியாமல் நிலவிரிப்பைப் பார்த்தார். அக்கா தன் வலது கையை அவர் வாய்க்குக் கீழே ஏந்தினார்.

"என்ரை கையிலை துப்புங்கோ ஐயா. அது வெத்திலை இல்லை."

அவர் துப்பினார். அதற்குள் உதடு தடித்து, நாக்கு எரிந்து, கண்ணில் நீர் வந்துவிட்டது. அத்தான் குளிர்ந்த பாலைக் கொண்டு ஓடினார். பலகாரத்தை ஒருவரும் தொடவில்லை. முடிவு சொல்ல வந்தவருக்கு வாயே திறக்க முடியவில்லை. கையை மட்டும் அசைத்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

அன்று அக்கா அழுததை நான் கண்டேன். அம்மா செத்த வீட்டிலும் என் முன்னால் அழாதவர். "உன்ரை வாழ்க்கையை ஒரு இலையாலை கெடுத்துப்போட்டனடி" என்றார். எனக்கும் எல்லாம் முடிந்தது என்றே தோன்றியது.

இரண்டொரு நாளில் பெரியவர் மகனையும் கூட்டிக்கொண்டு கண்ணாடி வீட்டுக்கே வந்துவிட்டார். நான் அக்காவுக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். கதவருகில் நின்று, "எந்தக் கொடி பிள்ளை என்னைக் கடிச்சது?" என்று கேட்டார். அக்கா விரலை நீட்டிக் காட்டினார். அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"வெத்திலை இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே?"

"பெரியாக்கள் இல்லாத வீடெண்டு நினைச்சிடுவீங்களெண்டு பயந்திட்டன் ஐயா."

பெரியவர் கொடியை விட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "நான் வளந்தாப் பிறகு எனக்கு ஒருத்தரும் அப்பிடிக் கை ஏந்தினதில்லை. என்ரை தாய் மட்டும்தான் ஏந்தினவ. உங்கடை வீட்டிலை பெரியாக்கள் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

அக்கா முகத்தை மறுபுறம் திருப்பி ஒரு சாடியை வீணாக நகர்த்தினார். "நல்ல நாள் பாருங்கோ. ஆனால் கலியாணத்துக்கு எனக்கு உண்மையான வெத்திலை வேணும்" என்றார் பெரியவர். அன்று முதல் அவர் எனக்கு மாமா.

அக்கா நடந்ததையெல்லாம் சொல்லக் கேட்டு ஸ்டான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பின்னர், குயின்ஸ்லாந்தின் வடக்கிலிருந்த தன் நண்பரிடம் சொல்லி ஈரப் பஞ்சில் சுற்றிய ஒரு துண்டு வெற்றிலைக் கொடியை வருவித்துக் கொடுத்தார். அந்தக் குளிர்காலத்தில் அக்காவின் உயிர் அந்தச் சாடியில்தான் இருந்தது. சூட்டுக் குழாயின் பக்கத்தில் வைத்தார். காய்கிறது என்று தள்ளி வைத்தார். தளிர் விட்டதும் எங்கள் எல்லோரையும் அழைத்துக் காட்டினார். கோடையில் என் திருமணத் தட்டத்தில் அந்த இலைகள் இருந்தன. மாமா முதல் இலையை எடுத்து, துடைத்து, அக்காவிடம் நீட்டி, "முதலிலை நீர் போடும் பிள்ளை" என்றார். அக்காவும் போட்டார். சபை சிரித்தது.

பிற்காலத்தில் அக்கா தன் வீட்டுப் பின்வளவில் சிறிய கண்ணாடி வீடொன்றைக் கட்டிக்கொண்டார். கேரம் டவுன்ஸில் கோயில் எழுந்த பிறகு அங்கும் அவரது வெற்றிலை போனது. நன்மைக்கும் தீமைக்கும் கேட்டு வந்தவர்களை அவர் வெறுங்கையோடு அனுப்பியதில்லை. நோயில் படுத்த கடைசி மாதங்கள் குளிர்காலமாக அமைந்தன. பேச்சு மிகவும் குறைந்துவிட்டது. ஒருநாள் நான் அறைக்குள் வந்தபோது கண்ணைத் திறக்காமலே, "கதவு" என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். நான் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். எனக்குத் தாய் போனது அப்போதுதான்.

நோயுற்ற காலத்தில் சமைத்து அனுப்பியவர்களுக்கும், மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், இறுதிக் கிரியைகளைச் செய்வித்த குருக்களுக்கும், துயரில் தோள் கொடுத்த அனைவருக்கும், அத்தானின் சார்பிலும் எங்கள் குடும்பத்தின் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

இன்று மதிய உணவுக்குப் பின் தட்டத்தில் உங்கள் முன் வரும் வெற்றிலை, அக்காவின் கொடியில் இன்று காலை நான் பறித்தது. கதவைச் சாத்திவிட்டுத்தான் பறித்தேன். பயப்படாமல் போடுங்கள்.