சல்லடைக்கு ஒரு புத்தகம்

எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் சிவனணைந்தபெருமாள் சார் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார். கதை எப்படி முடிகிறது என்று பார்ப்பதற்கல்ல. பக்க எண்ணைப் பார்ப்பதற்கு. பிறகு புத்தகத்தை மூடி, அதன் முதுகைத் தடவி, பக்கத்தில் நிற்கிற பையனிடமோ பெண்ணிடமோ நீட்டுவார். "பாதி எங்கன கிடக்கும்? விரலைச் சொருகு பாப்போம்." விரல் சொருகிய இடத்தைத் திறந்து பார்ப்பார். கூடினாலும் குறைந்தாலும் புத்தகத்தைத்தான் கோபிப்பார். "இந்தப் புஸ்தகம் ஒரு பக்கமா வீங்கிக் கிடக்கு. நீ சரியாத்தாம்லே வச்ச."

அவர் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்புப் படித்தபோது என் விரலும் அப்படி ஒரு புத்தகத்துக்குள் போயிருக்கிறது. இப்போது அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு உபாத்தியாயராக இருக்கிறேன். இந்த வழக்கம் மட்டும் மாறவில்லை.

அவர் தமிழ் உபாத்தியாயர். நூலகமும் அவர் பொறுப்பு. நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த கடற்கரைப் பக்கத்து அறை. கண்ணாடி வைத்த அலமாரி ஒன்று, கண்ணாடி போன அலமாரி ஒன்று. உப்புக்காற்றுக்கு அட்டைகள் வளைந்துவிடுகின்றன என்று புத்தகங்களின் மேல் அம்மிக்குழவி ஒன்றைப் படுக்க வைத்திருக்கிறார். கதைப் புத்தகங்களுக்கு நடுவே ரயில்வே கால அட்டவணை இருக்கும். கொழும்புக் கப்பல் கம்பெனியின் பழைய காலண்டர் இருக்கும். உழக்கும் ஆழாக்கும் இருக்கும். சங்கு குளிக்கப் போகிற ஒருவர் கொடுத்த, இரண்டு கை விரித்த நீளமான பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட ஆழக்கயிறும் இருக்கும். எல்லாவற்றிலும் புத்தகங்களைப் போலவே எண் எழுதிய சீட்டு ஒட்டியிருக்கும். உழக்கை வீட்டுக்கு எடுத்துப் போகிற பையன் புத்தகத்தைப் போலவே அதையும் வெள்ளிக்கிழமை திருப்பித் தர வேண்டும். "கிழிக்காமக் கொண்டாந்துருலே" என்பார், உழக்கைக் கொடுக்கும்போதும்.

கணக்குக்கும் அவருக்கும் ஆகாது. டிரெயினிங் பரீட்சையில் கணக்கிலேயே இரண்டு தடவை தவறியவர். அதை மறைக்கிற பழக்கம் அவரிடம் இல்லை. கதை வாசிக்கிற நேரத்தில் ஒரு பெண் சத்தமாக வாசித்துக்கொண்டிருப்பாள். பிரயாணி ஒருவன் மூன்று நாளைக்கு அரிசி கட்டிக்கொண்டு புறப்படுகிறான். ஊர் எல்லையிலேயே இன்னொருவன் கூட வந்து சேர்கிறான். உடனே கையை உயர்த்துவார்.

"நில்லு. இப்ப இந்த அரிசி எத்தனை நாளைக்கு வரும்? எனக்கு விளங்கலளா."

"ஒன்றரை நாள் சார்."

"ரெண்டாவது ஆளு சீக்காளியா இருந்தா கொஞ்சமாத்தான் திம்பான் சார்" என்பான் ஒருவன்.

"சீக்காளின்னு புஸ்தகத்துல போட்டிருக்கா? தேடிப் பாருலே. போட்டிருந்தா ஒத்துக்கிடுதேன்."

அவன் அந்தப் பக்கத்தைத் தேடித் தேடி வாசிப்பான். மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு சத்தம் என் வகுப்பில் ஒருநாளும் எழுந்ததில்லை. நான் கரும்பலகையில் எழுதுவேன். அவர்கள் சிலேட்டில் எழுதுவார்கள். வகுப்பு அமைதியாக இருந்தால் விளங்கிவிட்டது என்றுதான் நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தகப்பனார் உப்பளத்தில் உப்பு வாருகிறவர். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். கணக்கில்தான் பட்டம் வாங்கினேன். அதனால்தானோ என்னவோ, சாரின் 'விளங்கல' எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. குழந்தைகளைப் பேச வைக்க நடிக்கிறாரா, உண்மையாகவே தெரியாதா? ஒருநாள் கேட்டே விட்டேன்.

"நெசமாவே விளங்கலியா சார்?"

"நடிக்கத் தெரிஞ்சா நாடகக் கம்பெனிக்குப் போயிருப்பேன்வே" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உமக்கு எல்லாம் விளங்கிட்டோ?" என்று கேட்டார். அதில் குத்தல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இந்த நூலக நேரம் சும்மா கிடைத்ததல்ல. என் கணக்கு நேரத்தில் வாரத்துக்கு ஒன்றைத் தலைமையாசிரியர் ஞானையாவிடம் கெஞ்சி வாங்கியிருந்தார். "கதை படிச்சுக் கணக்குப் போடுத சாரு" என்று மற்ற உபாத்தியாயர்கள் அவருக்குப் பட்டம் கட்டியிருந்தார்கள். ஞானையாவும் அரைமனதாகத்தான் கொடுத்திருந்தார். போன வருஷம் இன்ஸ்பெக்டர் வந்தபோது அந்த அரைமனதும் போயிற்று.

இன்ஸ்பெக்டர் நாலாம் வகுப்பில் நுழைந்தார். முன் வரிசையில் ராஹிலா என்ற சிறுமி நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் குடும்பம் காயல்பட்டினத்திலிருந்து வந்தது. தகப்பனார் கொழும்பில் வியாபாரம். அவள் பயத்தைப் போக்குவதற்காக அவர் வேண்டுமென்றே சுலபமாகக் கேட்டார்: "இருபது பெரிசா, அம்பது பெரிசா?"

"இருபது" என்றாள் ராஹிலா.

வகுப்பு சிரித்தது. இன்ஸ்பெக்டர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் இருபது என்றாள். நாலாம் வகுப்புக்கு வந்த பெண்ணுக்கு எண் வரிசைகூடத் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஞானையா சாரைக் கூப்பிட்டுச் சொன்னார்: "கணக்கு நேரத்தைக் கதைக்குக் குடுத்தா இதுதாம்வே நடக்கும். அடுத்த வருஷம் இதே பிள்ளை அஞ்சாம் கிளாஸ்ல பின்னக் கணக்குல நல்லாச் சொல்லட்டும், உம்ம நேரம் உமக்கு. இல்லைன்னா அலமாரி ரெண்டும் என் ரூமுக்கு வந்துரும். பூட்டிச் சாவிய நான் வச்சுக்கிடுவேன்."

நான் ராஹிலாவைக் கூப்பிட்டு ஆயிரம்வரை எண்ணச் சொன்னேன். ஒரு தவறு இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. சார் வந்து அவள் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"எந்த இருபதுளா?"

"சல்லடை இருபது சார்."

எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கவில்லை. அவர் விளங்கவில்லை என்றார், நான் சொல்லவில்லை.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு ராஹிலா வீட்டுக்குப் போனார். அவள் தாயார் நஃபீசா ஒருக்களித்த கதவுக்குப் பின்னால் நின்று பேசினார். அவருடைய தகப்பனார் முத்து வியாபாரி. முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ வருஷமாகிவிட்டாலும் அவர் முத்துத் தரம் பிரித்த பித்தளைச் சல்லடைகள் பரணில் கிடந்தன. ராஹிலா அவற்றை இறக்கி வந்து எங்கள் முன்னால் வைத்தாள். கிண்ணம் கிண்ணமாக, எல்லாம் ஒரே அகலம். ஒன்றின் அடியில் இருபது ஓட்டை. அதற்குப் பெயர் இருபது. இன்னொன்றில் ஐம்பது ஓட்டை. அதற்குப் பெயர் ஐம்பது. இருபதில் தங்குகிற முத்துதான் பெரிய முத்து. அந்த வீட்டில் 'இருபது' என்றால் பெரிது. 'ஐம்பது' என்றால் அதைவிடச் சிறிது.

சார் இரண்டு கிண்ணங்களையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கி மாறிமாறிப் பார்த்தார். "ஏளா, நம்பர் ஏற ஏற ஓட்டை ஏன் சிறுக்கு?"

"ஒரே தட்டுல்லா சார்? அம்பது ஓட்டைக்கு எடம் வேண்டாமா?" என்றாள் ராஹிலா. இதுகூடத் தெரியாதா என்கிற குரல்.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கல்லூரியில் எழுதித் தள்ளிய பின்னங்களெல்லாம் அப்போது என் நினைவுக்கு வந்தன. கீழெண் பெருகினால் பின்னம் சிறுக்கும்; விதி எனக்கு மனப்பாடம். அதை இடம் போதாமை என்று நான் ஒருபோதும் நினைத்துப் பார்த்ததில்லை.

"இதைக் கொஞ்ச நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குக் குடுப்பியளா தாயி?" என்று கேட்டார்.

"ஓட்டை நெளியாமக் கொண்டு வரணும் வாத்தியாரே" என்றார் நஃபீசா.

சல்லடைகள் நூலகத்துக்கு வந்தன. குழந்தைகள் மிளகையும் பயறையும் கொட்டிச் சலித்தார்கள். ரொட்டியைப் பங்குபோடுகிற கதை வந்தால் ஒருவன் ஓடிப்போய்ச் சல்லடையை எடுத்து வருவான். சண்டை, கூச்சல். பக்கத்து வகுப்பு உபாத்தியாயர் சுவரைத் தட்டுவார். மூன்றில் ஒன்றையும் ஐந்தில் ஒன்றையும் சார் எப்போதும் குழப்பிக்கொள்வார். குழந்தைகள் தலையில் அடித்துக்கொண்டு அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

இந்த வருஷம் அதே இன்ஸ்பெக்டர் வந்தார். சார் காலையிலிருந்தே வெற்றிலை போடவில்லை. கண்ணாடி அலமாரியைத் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார். ஞானையா பூட்டு ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார் என்று பியூன் சொன்னான். உண்மையோ பொய்யோ தெரியாது.

"மூணில் ஒண்ணு, அஞ்சில் ஒண்ணு. எது பெரிசு?"

ராஹிலா எழுந்தாள். "எண்ணுனா அஞ்சு பெருசு சார். பங்கு போட்டா மூணுல ஒண்ணுதான் பெருசு."

"ஏன்?"

அவள் நூலகத்துக்கு ஓடி இரண்டு சல்லடைகளோடும் ஒரு பிடி மிளகோடும் திரும்பினாள். அவர் மேஜையில் வைத்து, "ஒரே தட்டு சார். ஆளு கூடக்கூட எடம் கொறஞ்சு போகும்" என்றாள். இன்ஸ்பெக்டர் ஒரு மிளகை எடுத்துத் தாமே போட்டுப் பார்த்தார். பிறகு இன்னொன்று.

"நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்று சாரைக் கேட்டார்.

"இல்ல சார். அவதான் எனக்குச் சொன்னா."

ஞானையா கண்ணை மூடிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் விடவில்லை. "சரி, ஏழில் ஒண்ணுக்கும் ஒன்பதில் ஒண்ணுக்கும் எவ்வளவு வித்தியாசம்?"

சார் பிடரியைச் சொறிந்தார். "அது கணக்கு சாரு சொல்லுவாரு" என்று என்னைக் காட்டினார்.

"அறுபத்து மூன்றில் இரண்டு" என்றேன். சரியான விடைதான். அதைக் கேட்டு ஒரு குழந்தையின் முகமாவது மாறியதா என்று பார்த்தேன். மாறவில்லை.

இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டார். நூலக நேரம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனால் ஞானையா ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார். "அடுத்த வீட்டுச் சாமானுக்கெல்லாம் பள்ளிக்கூட நம்பர் ஒட்ட முடியாதுவே. சொந்தமாக் கேட்டு வாங்கும், இல்ல திருப்பிக் குடும்."

சார் சல்லடைகளைப் புளி போட்டுத் துலக்கி, துணியில் பொதிந்து, திருப்பிக் கொடுக்கப் புறப்பட்டார். நானும் போனேன். ஞானையா சொன்னதைக் கதவுக்கு வெளியே நின்று சொன்னார்.

"வச்சுக்கிடுங்க" என்றார் நஃபீசா. "பதிலுக்கு எனக்கு ஒரு புஸ்தகம் வேணும். இந்தப் பங்குக் கணக்கு உள்ளது. எங்க எழுத்துல."

அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாகத் தெரியாது. தமிழையே அரபு எழுத்தில் எழுதி வாசிப்பார்கள். அதில் நஃபீசா தேர்ந்தவர் என்று ராஹிலா சொல்லியிருக்கிறாள்.

"எதுக்குத் தாயி?"

"எங்க வாப்பா மவுத்தாகி அடக்கம் முடிஞ்ச பொறவு பங்கு பிரிச்சாங்க. உம்மாவுக்கு எட்டுல ஒண்ணுன்னாங்க, புள்ளையளுக்கு இம்புட்டுன்னாங்க. யாரும் என்னை ஏமாத்தல வாத்தியாரே. ஆனா எனக்கு விளங்கல. விளங்குனாப்புல தலையாட்டிட்டேன்."

"ராஹிலாட்ட கேட்டாச் சொல்லுவாளே?" என்று நான் குறுக்கிட்டேன்.

"அவகிட்டயா? 'இது கூடத் தெரியலியா உம்மா'ங்கா. அவ வாயி எனக்கு வேண்டாம். புஸ்தகம்னா வாயடிக்காதுல்லா?"

"தாரேன்" என்று சொல்லிவிட்டார் சார். யோசிக்கவே இல்லை.

அந்தத் 'தாரேன்' அவரைப் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. விடுமுறைக்கு விடுமுறை காயல்பட்டினம் போய் வருகிறார். அந்த எழுத்தில் மார்க்கப் புத்தகங்கள் கிடைக்கின்றன, பாட்டுகள் கிடைக்கின்றன, வைத்தியம்கூட இருக்கிறதாம். சிறுபிள்ளைகள் கணக்கைப் பின்னத்தோடு விளக்குகிற ஒன்று அவர் கையில் இன்னும் அகப்படவில்லை. "நீர் தமிழ்ல ஒண்ணு எழுதும்வே. எழுத்து மாத்தித் தர ஆள் பிடிச்சிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். உட்கார்ந்தேன். 'பின்னம் என்பது ஒரு முழுமையின்' என்று ஆரம்பித்தேன். கதவுக்குப் பின்னால் நிற்கிற அம்மாளுக்கு இது எப்படிக் கேட்கும் என்று நினைத்துப் பார்த்து அடித்துவிட்டேன். பட்டம் வாங்கியவனுக்கு முதல் வாக்கியம் இன்னும் அமையவில்லை. சாரும் அவசரப்படுத்துவதில்லை, நான் அடித்ததை வாசித்துவிட்டு, "எனக்கு விளங்கல" என்று மட்டும் சொல்கிறார்.

போன வாரம் பள்ளிக்கூடம் விட்டு அந்தத் தெரு வழியாக வந்தோம். வேறு தெரு இருக்கிறது, அதில் போகலாம் என்றேன். சார் கேட்கவில்லை. அந்த வீட்டுக்கு நேரே வந்தபோது கதவு ஒரு விரற்கடை திறந்தது.

"வாத்தியாரே, வந்துட்டுதா?"

சார் நின்றார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வெறும் உள்ளங்கைகள் இரண்டையும் அந்த இடுக்குக்கு நேராக விரித்துக் காட்டினார். கதவு சாத்துகிற வரையில் கைகளைத் தாழ்த்தவில்லை.